வீட்டிலேயே சைக்கிளை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி நகரத்துக்கு நான் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். சீற் உயரம், ஹாண்டில் தூரம், முழங்கால் நோ என்று ஊரில் பலர் என்னிடம் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகிற அண்ணைமார், வயலுக்குப் போகிற ஐயாமார் கேட்டவைதான் கீழே இருப்பவை. லுமாலா மாதிரியான சாதாரண சைக்கிளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மவுண்டன் சைக்கிளுக்கும் அடிப்படை ஒன்றுதான், வேறுபடுகிற இடத்தில் சொல்கிறேன்.

கடையில் வாங்கின மாதிரியே இத்தனை காலமும் ஓடுகிறோம். இப்போது எதற்குச் சரிசெய்ய வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 28 அங்குலச் சில்லு, முன் பற்சில்லில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்று உழக்கினால் சைக்கிள் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நகரும். 10 கிலோமீற்றர் போக 1,800 சுற்றுக்கு மேல் உழக்க வேண்டும். திரும்பி வர இன்னொரு 1,800. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முழங்காலும் ஒரு தடவை மடிந்து நிமிர்கின்றன. சீற் இரண்டு அங்குலம் பதிவாக (தாழ்வாக) இருந்தால், அத்தனை தடவையும் முழங்கால் தேவைக்கு மேல் மடிந்த நிலையில்தான் பாரத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. சில வருடம் போனால் படி ஏறும்போது தெரியும்.

வன்னியில் சைக்கிள் எங்களை எவ்வளவு தூரம் சுமந்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல், விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. மீள்குடியேறி வந்தபோது பல குடும்பங்களுக்கு முதல் கிடைத்த வாகனம் உதவியாகக் கொடுத்த சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட நேரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பவும் இதற்குத்தான் வந்தோம். கிடைத்ததே பெரிது என்று ஓடியதால், இது என் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வரவில்லை. முழங்கால் நொந்தால் வயது போய்விட்டது என்கிறோம். நாரி (கீழ்முதுகு) நொந்தால் தோட்ட வேலை என்கிறோம்.

எனக்கும் அப்படித்தான். சைக்கிள் வாங்கிய கடையில், கால் இரண்டும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சொல்லிச் சீற்றை அடி மட்டத்தில் இறுக்கித் தந்தார்கள். ஆறு வருடம் அப்படியே ஓடினேன். வலது முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் ஊசி குத்துகிற மாதிரி நோ வந்தது. சீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக 4 சென்ரிமீற்றர் உயர்த்தினேன். ஒரு மாதத்துக்குள் அந்த நோ போய்விட்டது. வேறு மருந்து ஒன்றும் எடுக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த 4 சென்ரிமீற்றர்தான்.

என்னென்ன சாமான் வேண்டும்?

13, 14 இலக்க ஸ்பனர், தையல்காரர் வைத்திருக்கிற அளவுநாடா, ஒரு முழம் நூல், அதன் நுனியில் கட்ட ஒரு நட், குறித்து வைக்கக் கொப்பியும் பேனையும். புதுச் சைக்கிள் என்றால் அலன் கீயும் தேவைப்படலாம். பிடித்துக்கொள்ள விறாந்தைத் தூண் போதும், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொன்னால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

முதலில் எதைப் பார்ப்பது?

சைக்கிள் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு அளவெடுப்பதில் பலனில்லை. பழைய சைக்கிள் பல தடவை விழுந்திருக்கும், பாரம் ஏற்றி வளைந்திருக்கும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெடலோ, அது பூட்டியிருக்கிற தண்டான கிராங்கோ கோணியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதம் உள்ளே வெளியே என்று ஆடும். அந்த ஆட்டத்தை முழுவதும் வாங்குவது முழங்கால். ஒரு கால் மட்டும் நோகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் அந்தப் பக்கத்துப் பெடலைத்தான் பார்ப்பேன். அப்புறம் கிராங்கைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற கொட்டர் பின் தேய்ந்திருந்தால் 'டக்' என்று ஒரு இடைவெளி தெரியும். சீற்றின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறதா, சுருள்கம்பி ஒன்று உடைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தக் குறைகளைத் திருத்திவிட்டு அளவுக்கு வரலாம்.

சீற் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வழக்கமாகப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தூணுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் தூணைப் பிடித்தபடி சீற்றில் நேராக ஏறி இருங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவாருங்கள். அந்தப் பெடலில் குதிக்காலை வையுங்கள். முன்பாதம் இல்லை, குதிக்கால். இப்போது முழங்கால் நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். மடிந்திருந்தால் சீற் பதிவு. குதி எட்டாமல் இடுப்பைச் சரித்து எட்டினால் சீற் உயரம்.

குதி சரியாக முட்டுகிற உயரத்தில் நட்டை இறுக்கிவிட்டு, இனி உழக்குகிற மாதிரியே முன்பாதத்தைப் பெடலில் வையுங்கள். முழங்கால் தானாகவே சற்று மடியும். உடற்கூறு அறிந்தவர்கள் 25 முதல் 35 பாகை வரை மடிந்தால் நல்லது என்பார்கள். பாகை அளக்கக் கருவி தேவையில்லை, குதியை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் வந்து நிற்கும்.

மறு காலையும் பார்க்க மறக்காதீர்கள். பிறகு ஒழுங்கையில் ஓடிப் பாருங்கள், பின்னால் நின்று ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் அரை சென்ரிமீற்றர் பதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சீற்றுக் குழாயில் இதற்கு மேல் உயர்த்தாதே என்று ஒரு கோடு இருக்கும், அது பிறேமுக்குள் மறைந்தே இருக்க வேண்டும். கோடு இல்லாத பழைய குழாய் என்றால் குறைந்தது 3 அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் கிடங்கில் (வீதிக் குழியில்) விழும்போது குழாய் வளையும், அல்லது பிறேம் வெடிக்கும். உங்கள் உயரத்துக்கு அது காணாது என்றால் நீளமான குழாய் வாங்குங்கள். விலை பெரிதில்லை.

அப்படி உயர்த்தினால் கால் நிலத்தில் முட்டாதே. விழுந்துவிட மாட்டேனா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இந்தப் பயத்தால்தான் ஊரில் பாதிச் சைக்கிள்களின் சீற் பதிந்து கிடக்கிறது.

சீற்றில் இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாக முட்டினால், அந்த உயரம் உழக்குவதற்குக் காணாது. கிராங் அச்சு நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேலே இருக்கிறது. பெடல் ஆகக் கீழே வந்தாலும் நிலத்தைத் தொடாது. அதனால் நிலத்துக்கு அளவான சீற் பெடலுக்கு எப்போதும் பதிவாகத்தான் இருக்கும்.

எங்கள் ஐயாமார் ஏறுகிற விதத்தைக் கவனியுங்கள். இடது காலைப் பெடலில் வைத்து, மற்றக் காலால் இரண்டு மூன்று தடவை உந்தி, சைக்கிள் ஓடத் தொடங்கிய பிறகு காலைப் பின்னால் சுழற்றி ஏறுவார்கள். இறங்குவதும் அதே மாதிரி. உயரமான பழைய பிறேமில், சீற்றை உயர்த்தி, வேட்டியோடு ஓடியவர்கள் அவர்கள். நிலத்தில் கால் ஊன்றிக்கொண்டு சீற்றில் இருக்க அவர்களுக்குத் தேவையே வரவில்லை.

அது கடினம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கி, பிறேமின் மேல் பாருக்கு இரு பக்கமும் கால்களை நிலத்தில் ஊன்றி நில்லுங்கள். புறப்படும்போது ஒரு பெடலை முன்னால் சற்று மேலே வைத்து மிதித்தால், அந்த மிதியிலேயே உடம்பு எழும்பிச் சீற்றில் வந்து உட்காரும். வெறும் வளவில் பத்துத் தடவை பழகினால் கை வந்துவிடும். இரவில் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கிற இடங்களில் திடீரென்று நிறுத்த வேண்டி வந்தாலும் இதே முறைதான்.

சமநிலை குறைந்த வயதானவர்களும், இப்போதுதான் பழகுகிற ஆட்களும் அவசரப்பட வேண்டாம். ஒரு காலின் முன்பாதம் முட்டுகிற அளவில் தொடங்குங்கள்.

இணையத்தில் 0.883 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

அது பழைய கணக்கு. பிரான்ஸ் பயிற்றுநர் சிரில் கிமார் பயன்படுத்தியது, அவரிடம் பயின்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமொண்ட் மூலம் உலகெங்கும் பரவியது. லெமொண்ட் 1986, 1989, 1990ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்றவர். செருப்பில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த கொப்பியைச் சீற் மாதிரி மேலே இறுக்கிப் பிடித்து, கொப்பியின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால், கிராங் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை வர வேண்டிய உயரம் கிடைக்கும்.

78 சென்ரிமீற்றர் என்றால் 68.9 வரும். 1967இல் ஹாம்லி, தோமஸ் என்ற இருவர் சொன்ன இன்னொரு கணக்கின்படி, பெடலிலிருந்து சீற் வரை கால் அளவின் 1.09 மடங்கு இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 85 சென்ரிமீற்றர். 17 சென்ரிமீற்றர் கிராங்கைக் கழித்தால் 68. இரண்டுக்கும் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வித்தியாசம். இவை பந்தயச் சப்பாத்து மாட்டி ஓடுகிறவர்களுக்குப் பொருந்துகிற அளவுகள். பாட்டாச் செருப்போடு நடுப்பாதத்தால் மிதிக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் பதிவாக வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஆனால் குதிக்கால் சொல்வதையே முடிவாக எடுங்கள்.

சீற்றை முன்னால் தள்ளுவதா, பின்னால் தள்ளுவதா?

இரண்டு பெடலையும் நிலத்துக்குச் சமாந்தரமாக வைத்து, முன்பாதத்தின் அகலமான பகுதி பெடல் அச்சுக்கு மேல் வரும்படி காலை வையுங்கள். சிரட்டைக்குக் கீழே முழங்கால் எலும்பில் ஒரு மேடு கையில் தட்டுப்படும். அங்கே நூலைப் பிடித்து நட்டைத் தொங்க விடுங்கள். நூல் பெடல் அச்சுக்கு நேராக விழுந்தால் தொடங்குவதற்கு நல்ல இடம். முன்னால் விழுந்தால் சீற்றைப் பின்னே தள்ளுங்கள். இது கல்லில் எழுதிய சட்டம் இல்லை. ஒரு விரல் அளவு அங்கே இங்கே இருந்தாலும் பரவாயில்லை.

சாதாரண சைக்கிளில் சீற்றைப் பிடித்திருக்கிற கிளாம்பைப் பலர் கவனிப்பதில்லை. அது குழாயின் உச்சியில் கொழுவியிருக்கும், சீற்றின் கம்பிகள் அதனூடாகப் போகும். கழற்றித் திருப்பிப் போட்டால் கம்பியைப் பிடிக்கிற இடம் குழாய்க்குப் பின்னாலிருந்து முன்னால் வந்துவிடும். அந்த ஒரு திருப்பலில் சீற் இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட நகரும். குள்ளமானவர்கள் ஹாண்டிலுக்கு எட்டாமல் சீற்றின் மூக்கில் இருந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் இந்தக் கிளாம்பைத் திருப்பினாலே போதும். திருப்பிய பிறகு உயரத்தைத் திரும்பவும் குதிக்காலால் சரிபாருங்கள், முன்பின் நகர்த்தினால் உயரமும் மாறும்.

சீற்றின் மூக்கு மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

மட்டமாக. போனை ஒரு பலகைமேல் வைத்து மட்டம் பார்க்கிற செயலியால் பார்க்கலாம். மூக்கு மேலே நின்றால் அடித்தொடை விறைக்கும், நரம்பு நசியும். அதிகம் கீழே சரிந்தால் உடம்பு முன்னே வழுக்கி, முழுப் பாரமும் உள்ளங்கைக்கு வரும். சாரம் உடுத்து ஓடுபவர்கள் துணி மூக்கில் சிக்காமல் இருக்க ஒன்றிரண்டு பாகை கீழே விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஹாண்டிலை எப்படி உயர்த்துவது?

தினப் பயணத்துக்கு ஹாண்டில் சீற்றுக்குச் சமமாகவோ ஒன்றிரண்டு அங்குலம் மேலாகவோ இருந்தால் நல்லது. கை முழுதும் நீண்டு இறுகாமல் முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். சீற்றை உயர்த்தினால் ஹாண்டில் தானாகப் பதிவாகிவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண சைக்கிளில் ஹாண்டில் தண்டின் உச்சியில் ஒரு போல்ற் இருக்கிறது. அதை முழுதும் கழற்ற வேண்டாம், நான்கைந்து சுற்றுத் தளர்த்தினால் போதும். தளர்த்தியதும் போல்ற்றின் தலை மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். உள்ளே இறுகியிருக்கிற ஆப்பு விடுபட்டு, போல்ற் கீழே இறங்கும். இப்போது முன் சில்லைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹாண்டிலை இடம் வலம் திருப்பினால் அசையும். வேண்டிய உயரத்துக்கு எடுங்கள். இதிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அது வெளியே தெரியக் கூடாது. சில்லுக்கு நேராக ஹாண்டிலை வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு சில்லை முழங்கால்களால் நெரித்துப் பிடித்து ஹாண்டிலைப் பலமாகத் திருப்பிப் பாருங்கள். அசையக் கூடாது.

பிறேக்கை மறந்துவிடாதீர்கள். வயருக்குப் பதிலாக இரும்புத் தண்டால் இழுக்கிற கம்பி பிறேக் உள்ள சைக்கிளில் ஹாண்டில் உயர்ந்தால் கம்பியும் சேர்ந்து உயரும், பிறேக் கட்டை றிம்மோடு உரசும் அல்லது பிடித்தபடியே நிற்கும். கம்பிகள் சேருகிற இடத்து நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்யுங்கள். வயர் பிறேக் என்றால் வயர் இழுபட்டு நிற்கிறதா என்று ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் வீதியில் இறங்க வேண்டாம்.

புது மவுண்டன் சைக்கிள் பலவற்றில் இந்த முறை வேலை செய்யாது. தண்டு வெளியே பிடித்திருக்கும். அதன் கீழே இருக்கிற வளையங்களை மேலும் கீழும் மாற்றலாம், அல்லது தண்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினால் கொஞ்சம் உயரும்.

சோளகக் காத்து எதிரே அடிக்கும்போது ஹாண்டிலைப் பதிப்பது நல்லதா?

பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் சோளகக் காலத்தில் உழக்கியவர்களுக்கு இந்த ஆசை வரும். வெட்டைவெளி, மறைப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் பதிக்காதீர்கள். காத்து அடிக்கிற இடத்தில் மட்டும் முழங்கையை மடித்து உடம்பைக் குனியுங்கள். காத்து விட்ட பிறகு நிமிரலாம். ஹாண்டிலைப் பதித்துவிட்டால் வருடம் முழுவதும் நாரி குனிந்தே இருக்க வேண்டும்.

கை விறைக்கிறது, சின்னவிரல் மரத்துப்போகிறது. ஏன்?

உள்ளங்கையின் வெளிப்பக்கத்தால் போகிற நரம்பு நசிகிறது. ஹாண்டில் தூரமாகவோ பதிவாகவோ இருக்கிறதா, சீற்றின் மூக்குச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டு உடைந்த மாதிரி வளைந்து நிற்கக் கூடாது, முன்கைக்கு நேராக இருக்கட்டும்.

அப்புறம் ரயரைப் பாருங்கள். கிறவல் றோட்டில் ரயர் கல்லு மாதிரி இறுகியிருந்தால் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். எவ்வளவு காத்து என்று ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆனால் கிடங்கில் இறங்கும்போது றிம் இடிக்கிற அளவுக்குக் குறைக்காதீர்கள்.

எந்த இடம் நொந்தால் எதை மாற்றுவது?

முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் பதிவு, அல்லது அதிகம் முன்னால் இருக்கிறது. முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சீற் உயரம். உள்பக்கமோ வெளிப்பக்கமோ நொந்தால் பாதம் கோணி நிற்கிறதா, பெடல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நாரி நொந்தால் ஹாண்டில் தூரம், அல்லது சீற் உயர்ந்து இடுப்பு ஆடுகிறது. கழுத்து நொந்தால் ஹாண்டிலைக் கிட்டவும் மேலேயும் கொண்டுவாருங்கள். பாதம் எரிந்தால் மெல்லிய செருப்பினூடாகப் பெடலின் பல் குத்துகிறது. தடித்த அடி உள்ள செருப்பைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவைக்கு அரை சென்ரிமீற்றர், பிறகு இரண்டு மூன்று நாள் ஓட்டம். பல வருடம் பதிவாக ஓடிய கால் புது உயரத்துக்குப் பழக நாள் எடுக்கும், தொடைத் தசை முதல் கிழமை கொஞ்சம் உளைவது வழக்கம். முழங்கால் வீங்கினாலோ, இறங்கிய பிறகும் விறைப்பு நீண்ட நேரம் போகாவிட்டாலோ, காலில் பலம் குறைகிற மாதிரி இருந்தாலோ ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

பிள்ளைக்குப் பெரிய சைக்கிள் வாங்கினால் வளர்ந்தபிறகும் உதவும்தானே?

காசு மிச்சம் பிடிக்கிற எண்ணம் புரிகிறது. ஆனால் பாருக்கு மேலே இரண்டு பாதமும் ஊன்றி நிற்க முடியாத சைக்கிளைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பாருக்குள்ளால் காலை விட்டு உடம்பைக் கோணி உழக்கித்தான் நாங்கள் பழகினோம். அது வளவுக்குள் சரி, புத்தகப்பையோடு பிரதான வீதியில் பேருந்துக்குப் பக்கத்தில் கூடாது.

பிறேக் லீவருக்கு விரல் எட்டுகிறதா என்பதுதான் சீற்றைவிட முக்கியம். பிள்ளையை ஏற்றி வைத்து, ஹாண்டில் பிடியை விடாமல் லீவரைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பழகுகிற காலத்தில் சீற் பதிவாகவே இருக்கட்டும். பயம் தெளிந்ததும் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து உயர்த்துங்கள்.

கரியரில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு?

மீன்பெட்டியோ மரக்கறி மூட்டையோ கட்டினால் முன் சில்லு இலேசாகிவிடும், ஹாண்டில் ஆடும். வாசலுக்கு வாசல் நின்று இறங்குகிற வேலை என்றால் நான் மேலே சொன்ன உயரத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் பதித்து வையுங்கள். பாரத்தோடு சரியும்போது காலை ஊன்ற அது உதவும். ஹாண்டிலில் பை தொங்க விடுவதைக் குறைத்து, பாரத்தைக் கரியரில் தாழ்வாக, சீற்றுக்குக் கிட்டவாகக் கட்டுங்கள். ரயருக்குக் காத்துக் குறைக்கிற கதை இவர்களுக்கு இல்லை.

ஒரு கால் குட்டை, அல்லது செயற்கைக் கால். என்ன செய்யலாம்?

எங்கள் மண்ணில் இது பலருடைய கேள்வி. சில மில்லிமீற்றர் வித்தியாசம் பலருக்கும் இருக்கும், அதைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் குட்டையான பக்கச் செருப்பின் அடியில் பழைய ரயர்த் துண்டை ஒட்டி, அதோடு அந்தக் காலுக்கு அளவாகச் சீற்றை வைக்கலாம். வித்தியாசம் முழுவதையும் ஒரேயடியாக நிரப்பாதீர்கள். பாதியில் தொடங்குங்கள்.

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டவர்களுக்குக் கணுக்கால் நல்ல காலைப் போல மடியாது. முன்பாதத்தை விட நடுப்பாதத்தைப் பெடலில் வைத்தால் உறுதியாக இருக்கும், வழுக்காது. அந்த நிலையில் வைத்தே சீற் உயரத்தைப் பாருங்கள். பெடல் மேலே வரும்போது செயற்கைக் காலின் மேல் உறையின் பின்விளிம்பு தொடையில் வெட்டுகிறது என்று ஒரு அண்ணை சொன்னார். அதற்கு அந்தப் பக்கம் மட்டும் நீளம் குறைந்த கிராங் போட்டால் முழங்கால் குறைவாக மடியும். இடது பக்கம் என்றால் பற்சில்லு இல்லாததால் மாற்றுவது சுலபம். சின்னச் சைக்கிளின் கிராங் உங்கள் அச்சுக்குப் பொருந்துமா என்று திருத்துகிற கடையில் பார்த்துச் சொல்வார்கள். பாதம் நழுவாமல் இருக்க ரியூப் பட்டி கட்டினால், விழும்போது இழுத்தால் கழருகிற மாதிரிக் கட்டுங்கள், முடிச்சுப் போட வேண்டாம். உடம்புக்குள் செல் (எறிகணை) துண்டு இருக்கிற இடத்தில் நோ என்றால் இயன்மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சீற்றுக் குழாய் துருப்பிடித்து இறுகிவிட்டது. அசையவே இல்லை.

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உப்புக்காத்துக்கு இது அடிக்கடி நடக்கும். நட்டைத் தளர்த்தி, குழாய் இறங்குகிற விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் திரும்பவும் ஊற்றுங்கள். சீற்றை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக முறுக்கினால் மெல்ல 'கிறீச்' என்று விடும். மேலே இழுக்க வேண்டாம், முறுக்கியபடியே எடுங்கள். விடவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். சுத்தியலால் அடித்தாலோ நெருப்புக் காட்டினாலோ பிறேம்தான் பழுதாகும். வெளியே வந்ததும் துருவைத் தேய்த்து, கிறீஸ் பூசி இறக்குங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் இதற்குக் காசு கட்டிக் கடைக்குப் போகிறார்களே?

போட்டிக்கு ஓடுகிறவர்கள், ஒரே இருப்பில் நான்கைந்து மணித்தியாலம் உழக்குகிறவர்கள் போவது நியாயம். அங்கே கமராவும் உணரியும் வைத்து முழங்கால் மடிகிற பாகையை அளப்பார்கள். உங்கள் போனாலும் ஓரளவு முடியும். பக்கவாட்டில் மூன்று மீற்றர் தள்ளி, சீற் உயரத்தில் போனைப் பிடித்து, நீங்கள் ஓடிப் போகிறதை எடுக்கச் சொல்லுங்கள். பெடல் ஆகக் கீழே வருகிற இடத்தில் வீடியோவை நிறுத்திப் பார்த்தால் கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்று தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள், ஓடுகிறவர்கள் மூன்று பேர். யாருக்கு அளவாக வைப்பது?

அதிக தூரம் ஓடுகிறவருக்கு ஹாண்டிலை வையுங்கள். சீற்றை ஆளுக்கு ஆள் மாற்றலாம். நட்டை எடுத்துவிட்டு, கையால் திறந்து பூட்டுகிற லீவர் போட்டால் ஸ்பனர் தேவையில்லை, ஆனால் சந்தையில் நிறுத்தும்போது சீற்றைக் கழற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவரின் உயரத்தையும் ஒரு தடவை குதிக்காலால் பார்த்து, சீற்றுக் குழாயில் பிறேம் விளிம்புக்கு நேராகக் கியூடெக்ஸால் ஒரு கோடு போடுங்கள். எங்கள் வீட்டுச் சைக்கிளில் என்னுடையது சிவப்பு, மனைவியுடையது ரோஸ். மகளுக்கு நீலம், அவளுக்கு மட்டும் மூன்று நீலக் கோடு இருக்கிறது. கடைசிக் கோட்டைப் போன மாதம் போட்டோம்.